14 வருஷம் அதே ஒரு ரூபாய்: தீப்பெட்டி சொல்லித் தரும் 7 தொழில் பாடங்கள்



ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். 2007-ல ஒரு ரூபாய்க்கு வாங்கின எந்தப் பொருளை 2021-லயும் அதே ஒரு ரூபாய்க்கு வாங்க முடிஞ்சது? டீ கிடையாது, பஸ் டிக்கெட் கிடையாது, கொத்தமல்லிக் கட்டு கூட கிடையாது. ஷாம்பு பாக்கெட், மிட்டாய் மாதிரி ஒன்றிரண்டை விட்டுட்டுப் பார்த்தா, நம்ம எல்லார் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிற தீப்பெட்டிதான் அது.

2007-ல 50 பைசாவில் இருந்து ஒரு ரூபாய்க்கு வந்தது. அதுக்கப்புறம் 14 வருஷம் கழிச்சு, 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான் இரண்டு ரூபாய் ஆனது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி பக்கம் இருக்கிற தீப்பெட்டி ஆலைகள் 14 வருஷம் விலையைத் தொடாமலேயே ஓடின.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தொழில் பண்றவங்க இதை வேற மாதிரி பார்க்கணும். ஏன்னா இதே தப்பை இன்னைக்கு லட்சக்கணக்கான சின்ன வியாபாரிங்க பண்ணிட்டு இருக்காங்க. டெய்லர் கடை, இட்லி மாவு, டியூஷன், பியூட்டி பார்லர், வீட்டுப் பலகாரம் என்று எதை எடுத்தாலும் ஒரே பயம்தான்: "விலையை ஏத்தினா கஸ்டமர் போயிடுவாங்களோ?"

அந்தப் பயத்துக்குத் தீப்பெட்டி கிட்ட பதில் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாடம் 1: விலை நிற்கும், செலவு நிற்காது

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுது என்று வச்சுக்குவோம். 72-ஐ 6-ஆல் வகுத்தால் 12. அதாவது 12 வருஷத்தில் எல்லாச் செலவும் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். 14 வருஷம் ஆச்சுன்னா, அன்னைக்கு 100 ரூபாய்க்கு முடிஞ்ச வேலைக்கு இன்னைக்கு சுமார் 226 ரூபாய் வேணும்.

தீப்பெட்டியில் இது அப்படியே நடந்தது. தீப்பெட்டி செய்ய 14 வகை மூலப்பொருள் வேணும். விலை உயர்வை அறிவிச்சப்போ தயாரிப்பாளர்கள் சொன்ன கணக்கு இது: பெட்டியின் பக்கவாட்டில் பூசுகிற சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயில் இருந்து 810 ரூபாய் ஆச்சு. மெழுகு 58-ல் இருந்து 80. மேல்பெட்டி அட்டை 36-ல் இருந்து 55. உள்பெட்டி அட்டை 32-ல் இருந்து 58. இதுக்கு மேல டீசல் விலை, லாரி வாடகை வேற.

நீங்க விலையை ஏத்தாம இருக்கிறதால விலைவாசி உங்களுக்காக நிற்காது. உங்க கடையில ரேட் போர்டு கடைசியா எந்த வருஷம் மாறுச்சு? யோசிச்சுப் பாருங்க. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா, 6 சதவீதக் கணக்குப்படி உங்க வருமானத்தோட மதிப்பில் ஆறில் ஒரு பங்கு ஏற்கனவே போயிடுச்சு. யாரும் வந்து பிடுங்கலை. தானாகவே கரைஞ்சு போச்சு.

பாடம் 2: குறைஞ்ச விலையோட மீதியை யாரோ ஒருத்தர் கட்டுறாங்க

இந்தப் பதிவில் ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்கோங்க.

செலவு ஏறுது, விலை ஏறலைன்னா நடுவில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை யாரோ ஒருத்தர் நிரப்பித்தான் ஆகணும். தீப்பெட்டியில் அதை ஒரு பக்கம் குச்சி நிரப்பியது. விலை அப்படியே இருக்க, பெட்டிக்குள்ள குச்சி குறைஞ்சது. விலை உயர்வுக்கு முன்னாடி ஒரு பெட்டியில் சுமார் 36 குச்சிதான் இருந்தது. வாங்குறவர் எண்ணிப் பார்க்கிறதில்லை. ஆனா பெட்டி சீக்கிரம் காலியாகுதுன்னு வீட்டில் இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் அந்தப் பள்ளத்தை மனுஷங்க நிரப்பினாங்க. இந்தத் தொழிலின் பழைய வரலாற்றில் இது ஒரு வலி நிறைந்த பக்கம். மலிவான தீப்பெட்டிக்குப் பின்னாடி மலிவான கைகள் இருந்தன. அதில் சின்னப் பிள்ளைகளின் கைகளும் இருந்தன. சிவகாசி ஆலைகளில் குழந்தைத் தொழிலாளர்கள் பற்றி எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பு சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும், அந்தப் பணம் குழந்தையின் நலனுக்குப் போகணும் என்றது. பல வருஷமா யாரோ ஒரு பிள்ளை கட்டிக்கிட்டு இருந்த பாக்கிக்கு அன்னைக்குத்தான் ஒரு தொகை குறிச்சாங்க.

இப்போ உங்க தொழிலுக்கு வாங்க. உங்க குறைஞ்ச விலையோட மீதியை யார் கட்டுறாங்க? நிறைய வீட்டுத் தொழில்களில் பதில் இதுதான்: ராத்திரி 11 மணிக்குப் பாக்கெட் போடுற மனைவி. சம்பளம் இல்லாம மாவு பிசையுற மாமியார். ஸ்கூல் விட்டு வந்ததும் டெலிவரிக்கு ஓடுற பையன். இல்லைன்னா, பத்து வருஷமா தனக்குன்னு சம்பளமே எடுத்துக்காத நீங்க.

"நம்ம வீட்டு ஆளுங்கதானே" என்று சொல்லி அந்த உழைப்பைக் கணக்கில் எழுதாம விட்டா, அது லாபம் மாதிரி தெரியும். உண்மையில் அது வீட்டில் இருக்கிறவங்க கிட்ட நீங்க வாங்கின கடன்.

பாடம் 3: பயத்தைப் பேப்பர்ல எழுதுங்க, பாதி போயிடும்

சரி, விலை ஏத்தினா கஸ்டமர் போயிடுவாங்கதானே? போகலாம். எத்தனை பேர் போனா நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? உதாரணத்துக்கு, சாத்தூர் பக்கம் வீட்டில் காராச்சேவு போட்டு விற்கிற ஒரு அக்காவை எடுத்துக்குவோம். கணக்கு புரியறதுக்காக நம்மளே வச்சுக்கிற எண்கள்தான் இது.

வாரத்துக்கு 20 கிலோ போடுறாங்க. கால் கிலோ பாக்கெட்டாக 80 பாக்கெட். ஒரு பாக்கெட் 60 ரூபாய். வாரச் செலவு:

- கடலை மாவு, அரிசி மாவு, எண்ணெய், மிளகு, பூண்டு: 2,600 ரூபாய்
- கேஸ்: 400 ரூபாய்
- கவர், லேபிள்: 240 ரூபாய்
- கடைகளுக்குக் கொண்டு போற செலவு: 300 ரூபாய்

மொத்தம் 3,540 ரூபாய். 80 பாக்கெட்டில் 4 பாக்கெட் நொறுங்கியோ விற்காமலோ திரும்பி வருது. விற்றது 76 பாக்கெட், வந்த பணம் 4,560 ரூபாய். கையில் மிஞ்சுறது 1,020 ரூபாய்.

இதுவரைக்கும் எல்லாரும் போடுற கணக்கு. இப்போ நேரத்தையும் எழுதுங்க. அக்கா 18 மணி நேரம், அவங்க மாமியார் 9 மணி நேரம். ஆக 27 மணி நேரம். 1,020-ஐ 27-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 38 ரூபாய். அடுப்புச் சூட்டில் நின்னு செய்யுற வேலைக்கு இவ்வளவுதான் கூலி.

இப்போ பாக்கெட் 68 ரூபாய் ஆக்குறாங்க. சில கடைக்காரங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க, அதனால 72 பாக்கெட்தான் போடுறாங்க. அதிலும் 4 திரும்பி வருது. 68 பாக்கெட் விற்று 4,624 ரூபாய். பொருள் செலவும் குறைஞ்சு, மொத்தச் செலவு 3,216. மிச்சம் 1,408 ரூபாய்!

பத்துக்கு ஒரு பங்கு வியாபாரம் போச்சு, ஆனா கையில் நிற்கிற பணம் கூடிப் போச்சு. வேலையும் குறைஞ்சது. இதே கணக்கைத் தொடர்ந்து போட்டுப் பார்த்தால், 80 பாக்கெட் போட்ட இடத்தில் 58-க்கு இறங்கினாத்தான் பழைய 1,020 ரூபாய்க்கு வர்றாங்க. அதாவது 22 பாக்கெட் வியாபாரம் போற வரைக்கும் அவங்களுக்கு நஷ்டமே இல்லை.

எல்லாத் தொழிலுக்கும் இதே எண் வராது. பொருள் செலவு அதிகமா, லாபம் சின்னதா இருக்கிற தொழிலில் விலை ஏத்தினா பலன் பெருசா தெரியும். உழைப்பை மட்டும் விற்கிற டியூஷன், டெய்லரிங் மாதிரி வேலையில் கொஞ்சம் கம்மியாத் தெரியும். ஆனா கணக்குப் போடாம பயப்படுறதும், கணக்குப் போட்டுட்டு பயப்படுறதும் ஒன்னு கிடையாது.

பாடம் 4: விலை ஏத்தும்போது கையில் கொஞ்சம் கூடக் கொடுங்க

2021-ல் தீப்பெட்டிக்காரங்க விலையை ஏத்தின முறையை கவனிங்க. இதில் கஸ்டமர் சர்வீஸ் பாடம் முழுசா இருக்கு.

ஒன்னு, எல்லாரும் கூடிப் பேசினாங்க. அக்டோபரில் சங்கங்கள் சிவகாசியில் கூடி முடிவெடுத்தன. இரண்டு, முன்கூட்டியே சொன்னாங்க. அக்டோபரில் அறிவிப்பு, டிசம்பர் 1-ல் இருந்து அமல். கடைக்காரர்களுக்குத் தயாராக அவகாசம் கிடைச்சது. மூணு, காரணத்தை எண்ணோட சொன்னாங்க. எந்தப் பொருள் எவ்வளவில் இருந்து எவ்வளவு ஆச்சுன்னு பட்டியல் போட்டாங்க. நாலு, இதுதான் முக்கியம், குச்சியைக் கூட்டினாங்க. 36 குச்சி இருந்த இடத்தில் 50 குச்சி.

இப்போ கணக்குப் பாருங்க. முன்னாடி ஒரு குச்சி 2.8 பைசா. இப்போ 4 பைசா. பெட்டியின் விலை இரண்டு மடங்கு ஆனாலும், ஒரு குச்சிக்கு ஏறினது 44 சதவீதம்தான். வாங்குறவருக்கு "விலை கூட, ஆனா பெட்டி நிறைய" என்று ஒரு சமாதானம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 600 பெட்டி கொண்ட ஒரு பண்டலை ஆலைகள் 270 முதல் 300 ரூபாய்க்குக் கொடுத்துட்டு இருந்தாங்க. புது விலை 430 முதல் 480 ரூபாய் என்று அறிவிச்சாங்க, வரியும் லாரி வாடகையும் தனி. பெட்டிக்குக் கணக்குப் போட்டா ஆலைக்கு 45–50 பைசாவில் இருந்து 72–80 பைசா. கடையில் ஏறினது ஒரு ரூபாய், ஆலைக்கு வந்தது சுமார் 30 பைசா. நீங்களும் ஏஜென்ட், கடை, ஆப் மூலமா விற்கிறவரா இருந்தா, ஏத்துற விலையில் உங்க கைக்கு எவ்வளவு வரும்னு முதல்லயே பேசி வச்சுக்கோங்க.

உங்க கடையில் இதை எப்படிச் செய்யறது? திடீர்னு ஒரு நாள் ரேட் போர்டை மாத்தாதீங்க. ஒரு மாசம் முன்னாடியே எழுதி ஒட்டுங்க. பழைய கஸ்டமர் வந்து, "என்ன அண்ணாச்சி, விலையை ஏத்திட்டீங்களே?" என்று கேட்டா, முகத்தைத் திருப்பிக்காம நேரா சொல்லுங்க: "ஆமாங்க, எண்ணெய் விலை ஏறிடுச்சு. தரத்தைக் குறைக்க மனசு வரலை, அதனால விலையை ஏத்தியிருக்கேன்." கூடவே உங்களுக்குச் செலவு குறைவா, அவங்களுக்குப் பயன் அதிகமா இருக்கிற ஒன்னைக் கொடுங்க. டெய்லர்னா ஆறு மாசத்துக்கு இலவச ஆல்ட்ரேஷன். டியூஷன்னா மாசம் ஒரு நாள் சந்தேகம் தீர்க்கிற வகுப்பு. மாவுக் கடைன்னா காலையில் வீட்டு வாசலுக்கே டெலிவரி.

பாடம் 5: முதல் உரசல்லயே பத்திக்கணும்

பாதுகாப்புத் தீக்குச்சி எப்படி வேலை செய்யுது தெரியுமா? குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து. பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசும்போதுதான் தீ பிறக்கும். குச்சி எவ்வளவு நல்லா இருந்தாலும் பக்கவாட்டுப் பூச்சு நமுத்துப் போயிருந்தா பத்தாது.

தொழிலும் இப்படித்தான். உங்க பொருள் குச்சி, நீங்க நடந்துக்கிற விதம் பெட்டி. பரோட்டா அருமையா இருந்தும், பில் கேட்டா பத்து நிமிஷம் நிக்க வைக்கிற கடைக்கு யாரும் குடும்பத்தோட போக மாட்டாங்க. போன் எடுக்காத எலெக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்து என்ன பயன்? வாங்குறவருக்கு இரண்டு ரூபாய் பெரிய விஷயம் இல்லை. கரண்ட் போன நேரத்தில் மூணு குச்சி கிழிச்சும் பத்தலைன்னாதான் அந்த மார்க்கை மறுபடி வாங்க மாட்டார்.

"மார்க்" என்ற வார்த்தையை நம்ம ஊர்ல எப்படிச் சொல்றோம்னு யோசிச்சுப் பாருங்க. அணில் மார்க், சேவல் மார்க், மயில் மார்க். எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட படத்தைப் பார்த்து, "அதையே குடுங்க" என்று கேட்டு வாங்கினாங்க. அந்தப் படத்துக்கு மதிப்பு கொடுத்தது விளம்பரம் மட்டும் இல்லை, போன தடவை வாங்கினது ஏமாத்தலைங்கிற நம்பிக்கையும்தான்.

இதே சிவகாசி வட்டாரத்தில் இதுக்கு நேர் எதிரான பாடமும் உண்டு. பட்டாசு விலைப்பட்டியலில் 80 சதவீதம், 90 சதவீதம் தள்ளுபடி என்று பார்த்திருப்பீங்க. 1,000 ரூபாய் என்று அச்சடிச்சு 200 ரூபாய்க்குக் கொடுக்கிறது. நிஜ விலை எதுன்னு யாருக்கும் தெரியாம போச்சு. எது நிஜம்னு தெரியாத இடத்தில் மோசடிக்காரனுக்கு வேலை சுலபம். ஒவ்வொரு தீபாவளிக்கும் போலி வெப்சைட் வச்சு, பாதி விலைன்னு சொல்லி, பணத்தை வாங்கிட்டு மறைஞ்சு போறாங்க. பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2018-லேயே உத்தரவு போட்டிருக்கு என்பதும் பலருக்குத் தெரியலை. இப்படி ஏமாந்தவங்க உடனே 1930-க்கு போன் பண்ணுங்க.

உங்க தொழிலுக்கு இதில் இருந்து எடுத்துக்க வேண்டியது: ஏத்தி எழுதிக் குறைச்சுக் கொடுக்கிற விளையாட்டு வேண்டாம். ஒரே விலை, நிஜ விலை. பேரம் பேசத் தெரியாத கஸ்டமரும் பேசத் தெரிஞ்ச கஸ்டமரும் உங்க கடையில் ஒரே தொகை கொடுக்கணும்.

பாடம் 6: போட்டி வேற உருவத்தில் வரும், கத்துக்கிட்டே இருங்க

தீப்பெட்டிக்கு நிஜமான அடி இன்னொரு தீப்பெட்டியால வரலை. பிளாஸ்டிக் லைட்டரால வந்தது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்னு 20 தீப்பெட்டியோட இடத்தைப் பிடிக்கும் என்று சொல்லித்தான் லைட்டருக்குத் தடை கேட்டாங்க. 2023 ஜூன் மாதம், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது. அது ஒரு மூச்சு விடுற நேரம்தான். வாங்குறவரோட பழக்கம் மாறினா சட்டம் எவ்வளவு நாள் தாங்கும்?

இதுக்கும் இந்த ஊர் வரலாற்றிலேயே பதில் இருக்கு. 1922-ல் சிவகாசியில் இருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கத்துக்க கல்கத்தாவுக்குப் போனாங்க. மழை குறைவான, விவசாயம் சரியா கை கொடுக்காத ஊர் இது. அந்த வறண்ட காற்றே தீப்பெட்டிக்கு ஏத்த காற்றுன்னு ஆச்சு. 1923-ல் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கினாங்க. அதே 1923-ல்தான் ஸ்வீடன் கம்பெனியின் விம்கோவும் இந்தியாவில் கால் வச்சது. இயந்திரமும் முதலும் அவங்க பக்கம். இங்கே இருந்தது கை வேலை.

ஆனா இந்த ஊர் ஒரே பொருளோட நிற்கலை. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், அதனால அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம். இன்னைக்கும் ஆடிப்பெருக்கு அன்னைக்குச் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியிடுறாங்க. ஜனவரிக்கான வியாபாரத்தை ஆகஸ்டிலேயே பூஜை போட்டுத் தொடங்குற ஊர்! மருந்து கலக்கத் தெரிஞ்சதால மத்தாப்பும் பட்டாசும் வந்தது. பட்டாசுக்கு அலுமினியத் தூள் வேணும், அந்தத் தொழிலும் வந்தது. ஒவ்வொரு புதுத் தொழிலும் பழைய தொழிலுக்குத் தேவைப்பட்ட ஒரு பொருளில் இருந்து பிறந்தது.

உங்களுக்கான கேள்வி: நீங்க வெளியில் காசு கொடுத்து வாங்குற எந்த ஒன்றை நீங்களே செய்ய முடியும்? அதை மத்தவங்களுக்கும் விற்க முடியுமா? கத்துக்கிறதுக்கு இப்போ கல்கத்தா வரைக்கும் போக வேண்டாம். ஆனா அந்த இரண்டு பேர் கிட்ட இருந்த ஒன்னு வேணும்: தெரியாத ஊரில் போய், தெரியாதுன்னு சொல்லி, கத்துக்கிற மனசு.

பாடம் 7: ஏத்தின விலையில் ஒரு பிடி எடுத்து வைங்க

விலை ஏத்தி வந்த பணத்தை அப்படியே செலவு பண்ணினா, அடுத்த வருஷம் மறுபடி அதே இடத்தில் நிற்பீங்க. இதுக்கு விருதுநகர் வியாபாரிங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. பேர் மகமை. வியாபாரம் நடக்கும்போதே, சரக்குக் கணக்கில் ஒரு சின்னப் பங்கைப் பொதுவுக்கு எடுத்து வைக்கிறது. லாபம் வந்த பிறகு பார்க்கலாம்னு காத்திருக்கிறதில்லை. வீடுகளில் பெண்கள் சோறு வடிக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியா போட்டு வச்சாங்க. இப்படிச் சேர்ந்த பணத்தில் விருதுநகரில் 1889-ல் க்ஷத்திரிய வித்யா சாலா பள்ளி வந்தது. பின்னாளில் முதலமைச்சரான காமராஜர் படிச்ச பள்ளி அது. பிடி அரிசி ஒரு பள்ளிக்கூடம் ஆச்சு.

நீங்களும் உங்க தொழிலுக்கு ஒரு மகமை வைங்க. நம்ம காராச்சேவு அக்கா விற்கிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் 2 ரூபாய் எடுத்து வச்சா, வாரம் 68 பாக்கெட்டுக்கு 136 ரூபாய். வருஷத்துக்கு 7,072 ரூபாய். கடலை மாவு விலை திடீர்னு ஏறினாலும், கிரைண்டர் ரிப்பேர் ஆனாலும், கந்துவட்டிக்குப் போக வேண்டாம். இந்தப் பணத்துக்குத் தனியா ஒரு சேமிப்புக் கணக்கு வைங்க. அந்தக் கணக்கை ஜி-பே, போன்-பே எதோடயும் இணைக்காதீங்க.

அந்த மகமையில் முதல் செலவு காப்பீடா இருக்கட்டும். பட்டாசுப் பகுதியில் இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டி விபத்தில் ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. உங்க பேங்க்கில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் இருக்கு. வருஷத்துக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயசு வரைக்கும், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜீவன் ஜோதி திட்டம் வருஷத்துக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயசுக்குள் சேரணும், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டும் சேர்த்து 456 ரூபாய். உங்களுக்கு மட்டும் போடாதீங்க. உங்க கிட்ட வேலை பார்க்கிறவங்களுக்கும், கணக்கில் வராம உழைக்கிற உங்க வீட்டு ஆட்களுக்கும் போடுங்க. 2 லட்சம் ஒரு குடும்பத்துக்குப் போதாது, ஆனா தொடக்கம் இதுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

படிச்சுட்டு மூடி வச்சா பயன் இல்லை. ஒரு நோட்டு எடுங்க.

1. நீங்க கடைசியா விலை ஏத்தின தேதியை எழுதுங்க.
2. ஒரு பொருளை மட்டும் எடுத்து, அதன் எல்லாச் செலவையும் எழுதுங்க. வீட்டு ஆட்களின் நேரத்தையும் மணிக்கணக்கில் எழுதுங்க.
3. மிச்சத்தை மணி நேரத்தால் வகுங்க. அந்தக் கூலிக்கு நீங்க வேற ஒருத்தர் கிட்ட வேலைக்குப் போவீங்களா?
4. விலையை ஏத்தினா எத்தனை கஸ்டமர் போனாத்தான் நஷ்டம் என்று கணக்குப் போடுங்க.
5. தேதி குறிச்சு, காரணம் எழுதி, ஒரு மாசம் முன்னாடி போர்டு வைங்க. கூடக் கொடுக்கப் போறது என்னன்னும் அதிலேயே எழுதுங்க.
6. புது விலை அமலுக்கு வர்ற அன்னைக்கே மகமைக் கணக்கைத் தொடங்குங்க.

மூணாவது கேள்விக்கு "போக மாட்டேன்" என்பது உங்க பதில்னா, அந்த நோட்டை வீட்டில் உங்களோட சேர்ந்து உழைக்கிறவங்க கிட்ட இன்னைக்கு ராத்திரியே காட்டுங்க. புது விலை எவ்வளவுன்னு அவங்களோட உட்கார்ந்து முடிவு பண்ணுங்க. இத்தனை நாளா அந்தப் பாக்கியைக் கட்டினவங்க அவங்கதான்.